தண்ணீர்ப் பந்தல் நம் வாசலிலும் இருக்கட்டும்

(தோட்ட மண்டபமொன்றில் நடைபெற்ற பொதுமக்கள் சந்திப்பில், பினாங்கைச் சேர்ந்த தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



வெளியே வெயில் கொளுத்துகிறது. காலை வேலையை முடித்து, வியர்வை உலருமுன்பே நீங்கள் இம்மண்டபத்திற்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே, பேச்சைத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பின்புறம் குடத்தில் குடிநீர் வைக்கப்பட்டிருக்கிறது. தாகம் எடுத்தவர்கள் இடையில் எழுந்து சென்று அருந்தலாம். அதனைக் குறையாகக் கொள்ளமாட்டோம். இன்று நாம் பேசப்போவதே தண்ணீரைப் பற்றியும், அதனை அடுத்தவருக்கு நீட்டும் கையைப் பற்றியும்தான்.

நம் நாட்டில் கோடைக்காலம் என்று தனியே ஒன்று இல்லை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆயினும் பினாங்கு, கெடா, பெர்லிஸ் ஆகிய வடபுலத்து மாநிலங்களில் வாழ்கின்ற நாம், ஆண்டுத் தொடக்கத்து மாதங்களில் வானம் வறண்டுபோவதை நன்கறிவோம். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, நடுவே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டும்பொழுது ஈரம் குறைந்த காற்றாகவே நம் பக்கம் வருகிறது. பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், கையில் வரும் காசும் குறையும். அதே வேளையில் கிணறும் வற்றும். நாட்டின் மிக உயர்ந்த வெப்பநிலையாகப் பதிவானதும் இவ்வடபுலத்தில்தான். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவாயிற்று.

இத்தகைய நாட்களில்தான் ஒருவருடைய உள்ளம் இன்னொருவருக்குத் தெரியவருகிறது. மழைக்காலத்தில் எவரும் தண்ணீர் கொடுக்கலாம். வறண்ட நாளில் கொடுப்பதுதான் கொடை.

நண்பர்களே! நாம் வாழும் ஜார்ஜ்டவுன் நகரின் பெயர்களிலேயே தண்ணீரின் வரலாறு அடங்கியிருக்கிறது. தைப்பூசத்திற்கு நாம் போகும் மலைக்கோயிலைத் 'தண்ணீர்மலை' என்றே நம் முன்னோர் அழைத்தனர். அங்கிருக்கும் அருவியின் நீர்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால்வாய் வழியாக நகருக்குக் கொண்டுவரப்பட்டது. பர்மா சாலைக்கு ஹொக்கியன் சீனர்கள் இட்ட பெயரின் பொருள் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்பதாகும். வண்டிகளில் தண்ணீர் ஏற்றிச் சென்ற காலத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. 'ஆயர் ஈத்தாம்' என்றால் மலாய்மொழியில் கறுப்பு நீர் என்று பொருள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அவரவர் மொழியில் ஊருக்குப் பெயரிட்டபொழுது, மூவருமே தண்ணீரை நினைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

இன்றோ அருவியும் அணைகளும் மட்டும் பினாங்கிற்குப் போதுவதில்லை. மாநிலத்திற்கு வேண்டிய நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு கெடா மாநிலத்து உலு மூடா காடுகளில் பிறந்து வருவது. அதன் நீர் செபராங் பிறையிலுள்ள சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலுக்கடியில் குழாய் வழியாகத் தீவையும் அடைகிறது. அண்டை மாநிலத்துக் காட்டில் பெய்யும் மழையைத்தான் நாம் அன்றாடம் பருகுகிறோம். அண்டை வீட்டாரின் துணையின்றி வாழ இயலாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

இனித் தண்ணீர்ப் பந்தலுக்கு வருவோம். வழிப்போக்கரின் தாகம் தீர்க்கப் பந்தலிட்டு நீர் வழங்குவது தமிழர்களின் பழைய அறம். திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் கண்ணால் காணாத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. தமிழகத்தில் இன்றும் சித்திரை வெயிலில் நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்களைக் காணலாம். கடல் கடந்து வந்த நம் முன்னோர் அவ்வறத்தையும் உடன் கொண்டுவந்தனர். பினாங்கில் தைப்பூசம் வருவது வறண்ட நாட்களிலேயே ஆதலால், இங்கு அது வெறும் சடங்காக நின்றுவிடவில்லை; உயிர் காக்கும் தொண்டாக நிலைத்துவிட்டது.

தைப்பூசத்தின் முதல்நாள், பினாங்கு வீதியிலுள்ள கோவில்வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளித்தேர் புறப்படுகிறது. 1894ஆம் ஆண்டிலிருந்து ஓடிவரும் தேர் அது. வழிநெடுகிலும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பவர்களில் சீன அன்பர்கள் ஏராளம். மறுநாள் காவடி ஏந்தியும் பாற்குடம் சுமந்தும் செல்வோர் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து, பின்னர் 2012ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலுக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறவேண்டும். அவர்களுக்காகத்தான் சாலையின் இருமருங்கிலும் பந்தல்கள் எழுகின்றன. மோர், பானகம், எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீர், பசித்தவருக்குச் சோறு என அங்கே எல்லாம் கிடைக்கும். பாதம் சுடாதிருக்கச் சாலையில் நீர் தெளிப்போரும் உண்டு.

அப்பந்தலில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீட்டும் கை, 'நீ யார்? எந்த ஊர்? எந்தச் சமயம்?' என்று கேட்பதில்லை. வாங்கும் கையும் கூசுவதில்லை. முதலாளியும் பாட்டாளியும், தமிழரும் சீனரும், வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரரும் ஒரே அண்டாவிலிருந்து அருந்துகின்றனர். கேளாமல் கொடுப்பதும், கூசாமல் பெறுவதுமே தண்ணீர்ப் பந்தலின் இலக்கணம்.

ஆனால், அன்பர்களே, பந்தலுக்கு வர இயலாதவர்கள் இருக்கிறார்களே! அவர்களைப் பற்றி நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதனை ஒளிக்காமல் சொல்லுகிறோம்.

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை, சுங்கை டுவா நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கு மாநிலத்தில் நீர் விநியோகம் தடைப்பட்டது. ஏறத்தாழ 5 இலட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர் கணக்குகள் பாதிப்புக்கு உள்ளாகும் என முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பை மக்களிடம் கொண்டு சேர்ப்பது நம் தொழில். ஆகவே நாமும் நாலு பேருக்குச் சொன்னோம். நம் வீட்டிலும் இரண்டு பீப்பாய், ஆறு வாளி, இருந்த குடமெல்லாம் நிரப்பி வைத்தோம். நம் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

நாம் குடியிருப்பது ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். நான்காம் மாடியின் கோடி வீட்டில் ஒரு பெரியவர் தனியே வாழ்கிறார். கெடாவில் நீண்டகாலம் பால்மரம் வெட்டியவர். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை, கீழே மீ விற்கும் சீன அம்மையார் நம் கதவைத் தட்டினார். "பெரியவர் இரண்டு நாளாகக் காப்பி குடிக்க இறங்கி வரவில்லையே, பார்த்தீர்களா?" என்று மலாய்மொழியில் கேட்டார். நாம் பார்க்கவில்லை. ஒரே கட்டடத்தில் பல ஆண்டுகளாக வாழும் நாம் பார்க்கவில்லை, கடைக்காரர் கவனித்திருக்கிறார்.

ஓடிச் சென்று பார்த்தோம். பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். உதடு வறண்டிருந்தது, எழுந்து நிற்கத் தலை சுற்றியது. வீட்டில் இருந்தது அரை வாளித் தண்ணீர். நிறைந்த வாளியைத் தூக்க அவரால் முடியவில்லை. கழிவறைக்கு நீர் வேண்டுமே என்று அஞ்சி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "எல்லாருக்கும் தட்டுப்பாடுதானே, தம்பி. நான் வேறு எதற்குத் தொல்லை கொடுக்க வேண்டும்?" என்றார்.

அந்தச் சொல் நம்மை இன்றளவும் சுடுகிறது. அவர் கேட்கத் தயங்கினார். நாம் கேளாமல் கொடுக்கத் தவறினோம்.

அம்மையார் பார்லித் தண்ணீர் கொண்டுவந்து சிறிது சிறிதாகப் பருகச் செய்தார். மூன்றாம் மாடியில் வசிக்கும் மலாய் இளைஞர் ஒருவர், எவரும் சொல்லாமலே இரண்டு கலன் தண்ணீரைத் தோளில் சுமந்து படியேறினார். மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றோம். மாலைக்குள் பெரியவர் தேறினார். அன்றிரவே மின்தூக்கியின் அருகில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. தனித்திருப்போர் வீட்டைக் காலையில் யார் தட்டுவது, மாலையில் யார் தட்டுவது என்ற முறை அதில் எழுதப்பட்டது. அம்முறை இன்றும் எங்கள் கட்டடத்தில் நடைபெறுகிறது.

அவ்வாண்டுத் தைப்பூசம் ஜனவரி 25ஆம் நாள் வந்தது. தம்மையும் அழைத்துச் செல்லுமாறு பெரியவர் கேட்டார். படியேற முடியாதவர், ஒரு பந்தலில் நாற்காலி போட்டு அமர்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் குவளையில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெருமக்களே! இச்செய்தியை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து லயங்களில் பொதுக்குழாய் ஒன்றைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட காலம் இருந்தது. அங்கே சண்டையும் இருந்தது. ஆனால் ஒருவர் குடம் வரிசையில் இல்லையென்றால், 'அந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கும் வழக்கமும் இருந்தது. வீட்டுக்கு வீடு குழாய் வந்தது முன்னேற்றம். அத்துடன் அந்தக் கேள்வி மறைந்துவிடலாகாது. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ருக்குன் தெத்தாங்கா அமைப்பின் பெயரே அண்டை அயலாரின் நெறியைக் குறிப்பதுதான். அந்நெறி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதில் தொடங்குகிறது.

ஆகவே, இவ்வறண்ட நாட்களில் நாம் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, உங்கள் வரிசையில் தனித்து வாழும் முதியவர், நோயாளி, கைக்குழந்தையோடு இருக்கும் தாய் ஆகியோரை இன்றே எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீட்டை நாளுக்கு இருமுறை தட்டுங்கள். முதுமையில் தாக உணர்ச்சி குறைந்துவிடும். 'தண்ணீர் குடித்தீர்களா?' என்று கேட்பதோடு நில்லாமல், ஒரு குவளையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வெயிலில் செம்பனைக் குலை வெட்டுவோரும் உரமிடுவோரும் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், இடையிடையே நிழலில் நின்று நீர் அருந்த வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. உப்பிட்ட நீர்மோர் தரும் நம் வழக்கத்தில் இதற்கான அறிவு அடங்கியிருக்கிறது. வயிற்றுப்போக்கால் உடல் வறண்டவருக்கு, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது, ஆபத்தின் அறிகுறிகளை அறிந்திருங்கள். உடல் நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உடனே 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். உதவி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலை ஈரத்துணியால் நனைத்து விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது.

நான்காவது, சேமித்த நீரை மூடி வையுங்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை பீப்பாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த சருகுக்குத் தீ வைக்காதீர்கள். ஒருவர் மூட்டும் புகை ஊரார் அனைவரின் மூச்சிலும் சேரும்.

இவற்றில் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. வாசலில் ஒரு மூடிய குடம், ஒரு குவளை, அடுத்த வீட்டை எட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியவை போதும். தபால்காரரும், குப்பை அள்ள வருபவரும், வேலை தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளரும் அந்தக் குடத்தை அணுகட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது ஆண்டுக்கு ஒருமுறை. ஊர் கூடி ஒருவர் தாகம் தீர்ப்பது அன்றாடம் நடைபெறக்கூடியது.

கூட்டம் முடிந்து நீங்கள் வீடு திரும்பும் வழியில், நெடுநேரமாகச் சாத்தியிருக்கும் கதவு ஒன்று கண்ணில் பட்டால், தயங்காமல் தட்டுங்கள். உள்ளே இருப்பவர் நலமாக இருந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் செல்லுங்கள். நலமில்லையென்றால், தக்க நேரத்தில் வந்தவர் நீங்களாக இருப்பீர்கள்.