கையை மட்டும் மரக்கவைக்கும் ஊசி

கை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் பலருக்கு முதல் பயமே மயக்க மருந்துதான். ஆளை முழுவதும் மயக்காமல் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழி நூறாண்டுக்கு மேலாகவே இருக்கிறது.

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் ஐந்து வேர்களாகத் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. காறை எலும்புக்குப் பின்னால், முதல் விலா எலும்பைத் தாண்டும் இடத்தில், அவை ஒரே கட்டாக நெருங்கி நிற்கும். மருந்தை அங்கே செலுத்தினால் முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் மரத்துவிடும். 1911-ல் ஜெர்மனியில் கூலன்காம்ஃப் என்ற மருத்துவர் தோல் வழியாக ஊசி செலுத்தி இதைச் செய்து காட்டினார். அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர் அவர். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த இடத்துக்கு அடியிலேயே நுரையீரலின் உச்சி. பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய்.

இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பையும் ஊசி முனையையும் பார்த்துக்கொண்டே மருந்து செலுத்துகிறார்கள். தோள்பட்டை அறுவை என்றால் இன்னும் மேலே, கழுத்துத் தசைகளுக்கு நடுவே போடுவார்கள். அப்போது அந்தப் பக்கத்து உதரவிதானமும் சில மணி நேரம் சோர்ந்துபோகக்கூடும். ஆகவே நுரையீரல் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில மணி நேரம் அந்தக் கைக்குச் சூடு தெரியாது, அடி தெரியாது. அடுப்புப் பக்கம் போகாதீர்கள். மரப்பு விலகியதும் வலி சட்டென்று எழும். மருத்துவர் கொடுத்த வலி மாத்திரையை, அவர் சொன்னபடி, அதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.