பறைச் சத்தம் உள்ளே, பறை வெளியே

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“கிறிஸ்தவப் பாட்டெல்லாம் ஏன் சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கு?” என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குற்றவாளிக் கூண்டில் நின்றுதான் பேசுகிறேன். பன்னிரண்டு வருடமாக சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தக் குற்றத்தை வாராவாரம் செய்கிறவன் நான்.

எப்படிச் செய்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஹிட்டான ஒரு சினிமாப் பாட்டின் கார்டு வரிசையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் நான்கே கார்டுதான். தாளத்தை அப்படியே வைத்துக்கொள்வோம். மெட்டில் இரண்டு மூன்று இடத்தில் வளைவை மாற்றுவோம். காதலி இருந்த இடத்தில் இயேசு வந்துவிடுவார். முன்னிசை முடிவதற்குள் வாலிபர் கூட்டம் கைதட்ட ஆரம்பித்துவிடும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து, “தம்பி, இது கோயிலா, கொட்டகையா?” என்று கேட்பார்.

அவர்கள் கேட்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். எது பரிசுத்தமான பாட்டு? அதற்கு அவர்கள் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஜெர்மானிய, ஆங்கிலேய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு. இன்னொன்று, கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை. இரண்டின் பூர்வீகத்தையும் பார்ப்போம்.

பெரிய வெள்ளியன்று நம் திருச்சபைகளில் கண்ணீரோடு பாடப்படும் ஒரு ஞானப்பாட்டு இருக்கிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் காயப்பட்ட தலையைப் பார்த்துப் பாடுவது. அந்த மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானிய இசைக்காரர் வெளியிட்ட ஒரு காதல் பாட்டிலிருந்து. ஒரு பெண்ணை நினைத்து மனம் குழம்பித் தவிக்கிறவன் பாடும் பாட்டு அது. பிறகு அதே மெட்டில் சிலுவைப் பாட்டு வந்தது. பாக் அதைத் தன் இசைப் படைப்பில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். மிஷனரிகள் வழியாக அது தமிழுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஹிட்டான காதல் பாட்டுத்தான் இன்றைக்கு நம் பரிசுத்த மெட்டு.

அடுத்து கீர்த்தனை. வேதநாயகம் சாஸ்திரியார், 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், தஞ்சை இரண்டாம் சரபோஜியின் காலத்தவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதியவர். குறவஞ்சி என்பது என்ன? தலைவி காதல் கொண்டு வாடுவாள், குறத்தி வந்து குறி சொல்வாள். அரண்மனையிலும் கோயிலிலும் ஆடிய வடிவம். அதை எடுத்துத்தான் அவர் கிறிஸ்துவைப் பாடினார். அன்றைய வெகுமக்கள் கலையையும் அவைக் கலையையும் திருச்சபைக்குக் கொண்டுவந்த துணிச்சலான வேலை. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் இவருடைய பாடல்களைக் கோயிலில் பாடத் தடை போட்டார்கள். இன்றைய பெரியவர்கள் எங்களைப் பார்த்துச் சொல்வதைத்தான் அன்றைக்கு அவர்கள் சொன்னார்கள். அதே மிஷனரிகள் இன்னொன்றும் சொன்னார்கள்: வேளாளரும் ஒடுக்கப்பட்ட மக்களும் கோயிலில் தனித்தனியாக உட்காரக் கூடாது, நற்கருணையில் பிரிவினை கூடாது. சாஸ்திரியார் வேளாளர். பாட்டை நிறுத்தியதும் கொடுமை, சேர்ந்து உட்காரச் சொன்னதும் கொடுமை என்று இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து எழுதினார்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே மனிதர் மெட்டுக்குக் கதவைத் திறக்கச் சொல்கிறார், மனிதர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை மூடக் கூடாது என்கிறார். பிற்பாடு 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். கீர்த்தனை சபைக்குள் நிலைபெற்றுவிட்டது. சாதியும் கூடவே நிலைபெற்றுவிட்டது. ராகம் உள்ளே வந்தால் மனிதரும் உள்ளே வந்துவிடுவார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் தாமஸ் டோர்சி என்று ஒருவர் இருந்தார். 1920களில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்தவர். மா ரெய்னியின் குழுவில் பியானோ கலைஞர். 1932இல் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்துபோனார், பிறந்த குழந்தையும் இறந்தது. அந்தத் துக்கத்தில் ஒரு பாட்டு எழுதினார். ஆண்டவரே என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று கெஞ்சும் பாட்டு. ப்ளூஸ் வாடை அடிக்கிறது என்று அவருடைய இசையைத் தள்ளிவைத்தவர்கள் வெள்ளையர்கள் மட்டுமல்ல. படித்த, நடுத்தர வர்க்கக் கறுப்பினச் சபைகள் பலவும் கதவைச் சாத்தின. அடிமை வாழ்வின் சத்தம் கேட்டால் தங்கள் மரியாதை போய்விடும் என்ற பயம். கடைசியில் 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மகாலியா ஜாக்சன் பாடியது அந்தப் பாட்டைத்தான்.

அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

பன்னிரண்டு வருட அனுபவத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. எல்லாச் சினிமாச் சாயலுக்கும் முன் வரிசை முகம் சுளிப்பதில்லை. மெலடிப் பாட்டின் சாயலில் மெதுவாக ஒன்றை வாசித்தால் கண்ணை மூடிக் கைகளை உயர்த்துவார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஹில்சாங் பாணியில், கிட்டாரும் கீபோர்டும் அலை அலையாக எழும்பும்படி வாசித்தால், “இன்னைக்கு அபிஷேகம் இறங்குச்சு தம்பி” என்பார்கள். அதுவும் ராக் இசைதான், அதுவும் மேடைக் கச்சேரி வடிவம்தான். அது ‘உலகம்’ என்று அவர்கள் காதில் விழுவதில்லை. குத்துத் தாளம் விழுந்தால், கானா நெளிவு வந்தால், அங்கேதான் ‘தெய்வபயம் இல்லை’ என்ற பேச்சு எழும்.

அப்படியானால் ‘சினிமா’ என்று அவர்கள் சொல்வது சினிமாவையா? குத்துத் தாளத்தின் பின்னால் என்ன கேட்கிறது? பறை கேட்கிறது. சாவு ஊர்வலம் கேட்கிறது. சேரி கேட்கிறது. காதுக்கும் சாதி உண்டு தோழர்களே. ‘சினிமாப் பாட்டு’ என்பது சபைக்குள் வெளிப்படையாகச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்கான நாகரிகமான வார்த்தை.

மறுபக்கத்தையும் பார்த்தோமே. 2018இல் கர்நாடக இசைக் கலைஞர்கள் சிலர் கிறிஸ்தவப் பாடல்களைப் பாடுகிறார்கள் என்பதற்காக இந்துத்துவவாதிகள் மிரட்டினார்கள். ஓ.எஸ். அருண் ஒரு நிகழ்ச்சியிலிருந்து விலகினார். மாதம் ஒரு பாட்டு இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ வெளியிடுவேன் என்று டி.எம். கிருஷ்ணா அறிவித்தார். அங்கே ‘எங்கள் இசையைத் தொடாதே’ என்றார்கள். நம் சபைக்குள் ‘உங்கள் இசையைக் கொண்டுவராதே’ என்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது தீட்டுதான்.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் இவ்வளவு நேரம் பேசியது வெறும் வியாக்கியானமாகிவிடும்.

என் தாத்தா பறையடித்தவர். ஊரில் யார் செத்தாலும் போக வேண்டும், கூலி என்று ஒன்று கிடையாது, போட்டதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து பறையைத் தூக்கிப் பரணில் போட்டார். “இனிமே எவன் செத்தாலும் நான் அடிக்க மாட்டேன்” என்றார். அப்பத்தா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். அந்தப் பரண்தான் எங்கள் குடும்பத்தின் முதல் விடுதலை. பறையடிக்க மாட்டோம் என்று நம் மக்கள் ஊர் ஊராகப் போராடியிருக்கிறார்கள், அடிபட்டிருக்கிறார்கள். அதை மறந்துவிட்டு இன்றைக்குப் பறையை வெறும் கலையாகப் பேசினால் அது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

ஆனால் தாத்தா படுத்த படுக்கையாக இருந்தபோது என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். “ஊருக்கெல்லாம் அடிச்சேன். எனக்கு மட்டும் அடிக்கச் சொல்லுடா.”

அவர் இறந்ததும் பக்கத்து ஊரிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் நாலு பேர் பறையோடு வந்தார்கள். கோயில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கமிட்டியில் இருந்தவர்கள் வேறு சாதிக்காரர்கள், அவர்கள் தடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வந்து பேசியவர் எங்கள் ஆயர். அவர் எங்கள் சாதிக்காரர். “தம்பி, அது சாமியாட்டத்துக்கு அடிக்கிறது. நமக்கு வேணாம்யா” என்றார். குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல் இருந்தது. பறை உள்ளே வந்தால் நாம் யார் என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும் என்ற பயம். டோர்சியைத் தள்ளிவைத்த சபைகளின் பயம் அதுதான்.

உள்ளே ஆராதனை ஆரம்பித்தது. நான் கீபோர்டில். என் பக்கத்தில் ரிதம் பேட் வாசிக்கும் தம்பி. நம்பிக்கையூட்டும் பாட்டு ஒன்று, புதுசு, கொஞ்சம் வேகமானது. அவன் வழக்கம்போல ஒரு கிராமியத் தாளத்தைத் தேர்ந்தெடுத்துத் தட்டினான். அந்தச் சின்னத் திரையில் பெயர் தெரிந்தது: ‘பறை 2’. யாரோ ஒரு பறைக் கலைஞர் எங்கோ ஒரு ஸ்டூடியோவில் அடித்ததைப் பதிவு செய்து பெட்டிக்குள் அடைத்த சத்தம். அது ஸ்பீக்கரில் அதிர்ந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நாலு பேர் பறையை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டபடி வெயிலில் நின்றிருந்தார்கள்.

என் கை நிற்கவில்லை தோழர்களே. நான் வாசித்துக்கொண்டேதான் இருந்தேன். தாத்தாவுக்கு நான் செய்தது அதுதான்.

அன்றைக்குத்தான் புரிந்தது. பாப் இசை சபைக்குள் வந்துவிட்டதைப் புரட்சி என்று கொண்டாடிக்கொண்டிருந்தேன். கீர்த்தனை தெரியாத சேரிப் பையன் நான் மேடை ஏறியது அதனால்தான், அது உண்மைதான். ஆனால் நம் சத்தத்தை எடுத்துக்கொண்டு நம்மை வெளியே நிறுத்தவும் அந்த இசைக்குத் தெரியும்.

நாங்கள் பாடும் பாட்டின் சொற்களையும் பாருங்கள். நான், என்னை, எனக்கு, நீர், உம்மை. முழுக்க இரண்டே பேர். காதல் பாட்டின் மெட்டை எடுத்தபோது காதல் பாட்டின் மக்கள்தொகையையும் எடுத்துக்கொண்டுவிட்டோம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி பிரித்து நிற்கும் சுவர் எந்தப் பாட்டில் இருக்கிறது? 2008இல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்காகத் தாக்கப்பட்டது எந்தப் பாட்டில் இருக்கிறது? கிறிஸ்தவத்துக்கு மாறினால் பட்டியல் சாதி உரிமை போய்விடும் என்று வைத்திருக்கும் 1950ஆம் வருட குடியரசுத் தலைவர் ஆணை எந்தப் பாட்டில் இருக்கிறது? சங்கீதக்காரர்கள் நீதி கேட்டுப் பாடிய வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனசு சரியில்லை ஆறுதல் தாரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வேறு வழி இருந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு அதைக் காட்டினார். ‘பரட்டை’ என்ற பெயரில் அறியப்பட்டவர், 2005இல் மறைந்தார். வழிபாட்டையே கிராமிய இசையில் அமைத்தார். கர்நாடக இசையைக் கற்கக் காசும் குருவும் வேண்டும். மேற்கத்திய இசைக்குக் கருவி வேண்டும். கிராமிய இசையை யாரும் பாடலாம், அதைவிட முக்கியம், யாரும் மாற்றலாம் என்பது அவர் வாதம். எல்லோரும் சேர்ந்து ஆக்கி, சேர்ந்து உண்பதைத்தான் அவர் நற்கருணையாகப் பார்த்தார். சாதி முதலில் தடுப்பது அந்தப் பந்தியைத்தானே.

அதனால் இனிமேல் ஒரு பாட்டைப் பார்த்து, இது சினிமா மாதிரி இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிடுவோம். நான் மூன்று கேள்வி கேட்கிறேன். கரண்டு போனால் இந்தப் பாட்டைச் சபை பாடுமா, அல்லது எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்குமா? இதில் ‘நாம்’ இருக்கிறோமா? இந்தத் தாளத்தை உண்டாக்கிய மனிதர் பாட்டுப் பாடும் நேரத்தில் எங்கே நிற்கிறார்?

இதை வைத்துக்கொண்டு எங்கள் சபையில் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. போன கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் பறை வேண்டும் என்று வாலிபர் கூட்டத்தில் கேட்டோம். இரண்டு மாதம் சண்டை. கடைசியில் தெருவில் அடிக்கலாம், கோயிலுக்குள் கூடாது என்றார்கள். தாத்தாவுக்கு அடிக்க வந்தவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். இந்தமுறை பேசி, கணக்கெழுதி, கையில் கூலி கொடுத்தோம். காலனியில் ஆரம்பித்து ஊர்த்தெரு வழியாகப் போனோம். ஒரு பாட்டில் கல்லறைச் சுவரைப் பற்றி இரண்டு வரி நாங்களே சேர்த்திருந்தோம். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் திறந்து வைத்துக் கேட்டார்கள். எங்கள் ஆயர் கூடவே நடந்து வந்தார், ஒன்றும் பேசவில்லை.

கேட்டு வரைக்கும் வந்து அன்றைக்கும் பறை நின்றுவிட்டது. உள்ளே போனதும் தம்பி ரிதம் பேடை ஆன் செய்தான். நான் கை நீட்டி ‘பறை 2’வை மாற்றச் சொன்னேன். ஆள் உள்ளே வராமல் சத்தம் மட்டும் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு எங்கள் சபையில் அந்தத் தாளம் இல்லை. இந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் மறுபடி கேட்கப் போகிறோம்.