வாடகைக்கு ஒரு முன்றில்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், ஆபீஸ் வேலையைப் பற்றி மட்டும் வேண்டாம், அதைத்தான் எல்லோரும் பேசப்போகிறார்கள்" என்றார். ஆகவே நான் ஒரு புத்தகக் கடையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பம்மலில் இன்னும் திறக்கப்படாத புத்தகக் கடை.

நான் பம்மல்காரன். இந்தக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு சைக்கிளிலேயே வந்து போனவன். பாடப் புத்தகமும் நோட்டும் பிராக்டிகல் ரெக்கார்டும் விற்கும் கடைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. கதை, கவிதை, வரலாறு, இசை என்று நின்று புரட்டிப் பார்த்து வாங்க என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கடை கிடையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதிர்ஷ்டம் இருந்தால், பழைய மிக்சிக்கும் கழற்றிப்போட்ட மோட்டாருக்கும் நடுவே அட்டை கிழிந்த நாவல் ஒன்று கிடைக்கும். சில சமயம் இசைத்தட்டும் கிடைக்கும். அதை அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது, கேட்கவும் முடியாது.

முன்பு இப்படி இல்லை. நான் ஐந்தாவது ஆறாவது படிக்கும்போது எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. பத்திரிகைத் தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே கேசட் கடை. நமக்கு வேண்டிய பாட்டுகளை லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாள் கழித்து அறுபது நிமிட கேசட்டில் பதிவு செய்து தருவார். கேசட்டில் இடம் மிச்சமிருந்தால் அவராகவே ஒரு பாட்டைச் சேர்த்துவிடுவார். "இது எம்.எஸ்.வி., நீ கேட்டதில்லையே, கேட்டுப் பார்" என்பார். லிஸ்டில் இல்லாத அந்தக் கடைசிப் பாட்டுதான் பல வீடுகளில் தேய்ந்தது. கேசட் தயாராகும் வரை பையன்கள் பக்கத்துக் கடையில் நின்று புத்தகம் புரட்டுவார்கள். புத்தகம் எடுக்க வந்த அம்மாக்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இன்று அந்த இடத்தில் பிரியாணி கிடைக்கிறது. பிரியாணி மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நம் கல்லூரிக்கே சொந்தமான ஒரு புத்தகக் கடைக் கதை உண்டு. அப்துல் கலாம் அவர்கள் பல மேடைகளில் சொன்னது. 1950-களில் அவர் இங்கே ஏரோநாட்டிகல் படித்துக்கொண்டிருந்தபோது ராமேஸ்வரம் பக்கம் புயல் அடித்தது. உடனே ஊருக்குப் போக வேண்டும். கையில் காசில்லை. பரிசாக வந்த ஒரு விலையுயர்ந்த புத்தகம் மட்டும் இருந்தது. எது என்கிறீர்கள்? தியரி ஆஃப் எலாஸ்டிசிட்டி. நம்மில் எத்தனையோ பேரைத் தூங்கவிடாமல் அடித்த அதே டிமோஷென்கோதான். அதை எடுத்துக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்கு விற்கப் போனார். விஷயத்தைக் கேட்ட பழைய புத்தகக் கடைக்காரர் அறுபது ரூபாயைக் கொடுத்தார். இந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் விற்க மாட்டேன், பணம் வந்ததும் மீட்டுக்கொண்டு போ என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார். கலாமும் பிறகு மீட்டுக்கொண்டார்.

அந்தக் கடைக்காரர் அன்று வியாபாரம் செய்தாரா? கணக்குப் பார்த்தால் இல்லை. ஆனால் எழுபது வருஷம் கழித்தும் அவரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீயில் போய்விட்டது. பழைய புத்தகங்களும் கிராமபோன் தட்டுகளும் ஒரே கூரையின் கீழ் கிடைத்த இடம் அது. இப்போது அங்கே நிற்பது சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையக் கட்டடம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தாம்பரம் லைனிலேயே, மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் ஜனங்கள் முண்டியடிக்கும் தெரு. அங்கேதான் மா. அரங்கநாதன் 'முன்றில்' என்ற புத்தகக் கடையை நடத்தினார். அவர் நாஞ்சில் நாட்டுக்காரர், சென்னை மாநகராட்சியில் வேலை பார்த்தவர், சிறுகதைக்காரர். 'பறளியாற்று மாந்தர்' அவருடைய நாவல். 1988-ல் முன்றில் என்ற பெயரிலேயே ஒரு சிற்றிதழும் தொடங்கினார். க.நா.சு. அதன் கௌரவ ஆசிரியராக இருந்தார். அந்த வருஷக் கடைசியிலேயே க.நா.சு. காலமாகிவிட்டார்.

முன்றில் என்றால் வீட்டின் முன்பக்கம், வாசல் வெளி. கடைக்குப் பெயர் வைத்தவருக்குத் தான் எதை நடத்துகிறோம் என்று தெரிந்திருக்கிறது. வேறு எங்கும் கிடைக்காத சிற்றிதழ்கள் அங்கே கிடைக்கும். புத்தகம் வாங்க வந்தவர்களும் எழுதுகிறவர்களும் அங்கேயே நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அப்போது இளைஞர்களாக இருந்து பிறகு பெயர் பெற்ற எழுத்தாளர்கள் பலருக்கு அந்தக் கடை ஒரு சந்திப்பிடம். புடவைக் கடைகளின் வாடகை ஏறிக்கொண்டே போகும் தெருவில் அப்படி ஒரு கடை எத்தனை நாள் தாங்கும்? நின்றுபோனது. அரங்கநாதனும் 2017-ல் மறைந்தார். முன்றிலைப் பற்றி எழுதியவர்கள் யாரும் அங்கே என்ன தள்ளுபடி கிடைத்தது என்று எழுதியதாக நான் படித்ததில்லை. யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

பெரிய கடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். 1987-ல் நுங்கம்பாக்கத்தில் லேண்ட்மார்க் வந்தது. புத்தகமும் கேசட்டும் ஒரே தளத்தில், எவ்வளவு நேரம் புரட்டினாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். நல்ல கடை, மறுக்கவில்லை. பின்னால் டாட்டா குழுமத்தின் கைக்குப் போனது. பொம்மைகளும் பரிசுப் பொருள்களும் முன்னால் வந்து, புத்தகங்கள் பின்னால் போய், கடைசியில் மூடியே விட்டார்கள். இன்றைக்கும் நிற்பது சிறிய கடைகள்தான். கே.கே. நகரில் வேடியப்பன் நடத்தும் டிஸ்கவரி புக் பேலஸில் புத்தக வெளியீடும் விமர்சனக் கூட்டமும் கடையோடு ஒட்டியே நடக்கின்றன. கோவையில் விஜயா பதிப்பகம் வேலாயுதம், கடையைச் சுற்றி ஒரு வாசகர் வட்டத்தையே வளர்த்து வைத்திருக்கிறார். திருவான்மியூரில் பனுவலும் இதையே செய்து காட்டியது. பாரிஸிலும் இதே கதைதான். சில்வியா பீச் என்ற அம்மையார் 1919-ல் திறந்த சின்னக் கடைதான், வேறு யாரும் துணியாத ஜாய்ஸின் யுலிசஸ் நாவலை 1922-ல் பதிப்பித்தது.

சரி, நாம் இன்ஜினியர்கள். கணக்குக்கு வருவோம்.

பம்மலில் நானூறு சதுர அடி. வாடகை 15,000. கடையில் ஒரு ஆள், மாலையில் பகுதி நேரமாக இன்னொருவர், இருவருக்கும் 21,000. கரண்ட், இதர செலவு 4,000. ஆக மாதம் 40,000 ரூபாய். பதிப்பாளர் கடைக்காரருக்குத் தரும் கழிவை 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதம் சுமார் 1,33,000 ரூபாய்க்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. சராசரி விலை 250 என்றால் நாளைக்கு 18 புத்தகம்.

இப்போது நாம் உள்ளே நுழைந்து, "புத்தகக் காட்சியில் பத்து பர்சென்ட் குறைப்பார்களே, நீங்கள் குறைக்க மாட்டீர்களா?" என்று கேட்கிறோம். கடைக்காரரும் முகம் கோணாமல் குறைக்கிறார். நமக்கு மிச்சம் 25 ரூபாய். அவருக்கு 30 சதவீதம் 20 ஆகிவிட்டது. வரும்படியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே 40,000-ஐ எடுக்க இப்போது அவர் 2 லட்சத்துக்கு விற்க வேண்டும். நாளைக்கு 27 புத்தகம். நாம் கேட்ட பத்து பர்சென்ட், அவருடைய வேலையை ஒன்றரை மடங்காக்கிவிட்டது. ஆன்லைனில் இன்னும் அதிகமாகவே குறைத்துத் தருகிறார்கள், உண்மைதான். அவர்களுக்கு உட்கார பெஞ்சு போடும் செலவு இல்லை.

அந்த பெஞ்சைத்தான் நான் கேட்க வந்திருக்கிறேன். கடையில் வாங்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கான இடத்துக்கும் சதுர அடிக்கு வாடகை உண்டு. முன்றிலில் அதை அரங்கநாதன் கொடுத்தார், மூர் மார்க்கெட்டில் பெயர் தெரியாத அந்தப் பெரியவர் கொடுத்தார். எப்போதும் கடைக்காரர் ஒருவரே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

நூலகம் இருக்கிறதே என்று என் நண்பன் கேட்டான். இருக்கிறது. சொத்து வரியில் பத்தில் ஒரு பங்கு நூலக வரி கட்டுகிறோம், நூலகத்தை விடவே கூடாது. ஆனால் நூலகத்தில் பாட முடியாது. இந்தக் கடையில் பாட்டும் வேண்டும் என்பது என் பிடிவாதம். ஏனென்றால் சில புத்தகங்களைக் கண்ணால் மட்டும் படிக்க முடியாது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியர். சொந்த அச்சகம் வைத்து 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' கொண்டுவந்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல் சுருதிக் கணக்கு. பக்கத்தில் ஒருவர் பாடிக் காட்டினால்தான் அந்த எண்கள் நமக்கு ஓசையாகும். எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். போர்ட்டிகோவில் பாய் விரித்து இருபது பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லித்தருகிறார். மழை வந்தால் வகுப்பு இல்லை. "ஒரு கூரை கிடைச்சா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பசங்களைப் பாட வெக்கறேன், காசெல்லாம் வேண்டாம்" என்கிறார். அனகாபுத்தூர்ப் பக்கத்துக் கானா பாடும் பையன்கள் இரண்டு பேரையும் கேட்டு வைத்திருக்கிறேன். டீச்சரம்மா அவர்களோடு ஒரே மேடையில் ஒத்துக்கொள்வாரா என்று பயந்தேன். "தாளம் சரியா போட்டாங்கன்னா வரட்டும்" என்றார்.

பம்மலுக்கு இதெல்லாம் புதிதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் நம் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் வக்கீல், பின்னால் நீதிபதி. சபையில் நடித்தவர்கள் பலரும் பகலில் வேலைக்குப் போய் மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். நம்மைப்போல மாதச் சம்பளக்காரர்கள் சாயங்காலத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவரைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் கல்லூரி எலெக்ட்ரானிக்ஸ்காரர் சுஜாதாவும் ஆபீஸுக்குப் போய்வந்துதான் அத்தனையும் எழுதினார்.

விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இடம் தயார். எங்கள் தெருவில் ரிட்டயரான பெரியவர் ஒருவர் தன் வீட்டின் முன்பக்க அறையை வாடகைக்கு விடுகிறார். நான் சொன்ன நானூறு சதுர அடி அதுதான். அதே அறையை ஒரு அடகுக் கடைக்காரரும் கேட்டிருக்கிறார். பெரியவர் என்னிடம் சொன்னது இது: "அவர் பத்து மாச அட்வான்ஸைக் கையில வெச்சிட்டு நிக்கறார் தம்பி. எனக்குப் புஸ்தகக் கடைன்னா சந்தோஷம்தான். ஆடி முடியறவரைக்கும் பார்க்கறேன். ஆவணி பொறந்தா சாவியைக் குடுத்துடுவேன்." அவர் சொல்வதில் தப்பில்லை. அந்த வாடகையில்தான் அவருக்கு மருந்துச் செலவு.

அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். அலமாரி, விளக்கு, பெஞ்சு, ஒரு நல்ல ஸ்பீக்கர், இதற்கு ஒன்றரை லட்சம். முதல் சரக்குக்கு 3 லட்சம், மீதியைச் சில பதிப்பாளர்கள் விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் தருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். மொத்தம் 6 லட்சம். நூற்றியிருபது பேர் ஆளுக்கு 5,000 போட்டால் போதும். நன்கொடை வேண்டாம். பழைய முன்வெளியீட்டுத் திட்டம் போலத்தான், மூன்றாம் வருஷம் அந்தத் தொகைக்குப் புத்தகமாகவே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கடை மூடிவிட்டால் பணம் வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, நூறு பேர் மாதம் 500 ரூபாய்க்கு முழு விலையில் புத்தகம் வாங்குவதாக ஒத்துக்கொள்ள வேண்டும். அது மாதம் 50,000. நாளைக்கு 18 என்ற கணக்கு 11 ஆகிவிடும். பதினொன்றைக் கடை தானே பார்த்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருக்கும் சீனியர்கள், நான் எங்கே வந்து வாங்குவது என்று கேட்பீர்கள். உங்கள் ஐந்நூறு ரூபாய்ப் புத்தகத்தைப் பம்மல் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்றின் பெயரில் எழுதிக்கொள்ளலாம். என்ன புத்தகம் என்பதை அந்தப் பிள்ளையே வந்து எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். தம்பி தங்கைகளிடம் பணம் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு மாலை கல்லாவில் உட்கார நான்கு பேர் வேண்டும். உட்காருகிற நேரத்தில் படித்துக்கொள்ளலாம், டிமோஷென்கோவைக்கூட.

வாசலில், டோக்கன் கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், பாட்ச், போன் நம்பர், இரண்டில் எதற்கு என்று எழுதினால் போதும். நேற்று இரவு வரை முப்பத்தொரு பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் இரண்டு பேர் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போன் நம்பரை எழுதாமல் போயிருக்கிறார்கள். அவர்கள் இந்த ஹாலில் இருந்தால், தயவுசெய்து சாப்பிடப் போகும் முன் அதை எழுதிவிட்டுப் போங்கள்.