செயற்கை முழங்கால் மூட்டும் நம் பந்தியும்



உறுப்போடு உறுப்புப் பொருந்தும் நுட்பத்தைப் பூட்டுத் தொழிலாற் பெயர்பெற்ற திண்டுக்கல்லார்க்கு நாம் விரித்துரைத்தல் மிகையாம். செயற்கை முழங்கால் மூட்டும் அத்தகையதே. தொடையெலும்பின் நுனிக்குக் கோபால்ட்-குரோமியக் கவசம். கீழ்க்காலெலும்பின் தலையில் உலோகத் தட்டு. இடையே குருத்தெலும்புக்கு ஈடாகப் பாலிஎதிலீன் பலகை.

ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற இவ்வகை மூட்டிற்கு 2017 ஆகஸ்டு மாதத்தில் நடுவணரசு, வரி நீங்கலாக, 54,720 ரூபாயை உச்ச விலையாக விதித்தது. எளியோர்க்கும் வழி பிறந்தது.

எனினும் மூட்டு மிக மடங்குமிடத்துப் பாலிஎதிலீன்மேற் சுமை மிகும். ஆதலின் சம்மணமிடுதலையும் குந்துதலையும் தவிர்க்குமாறு மருத்துவர் பலர் கூறுவர். இதனால் நம் முதியோர் சிலர் பந்திக்கு வர நாணி, வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். வயிறு நிறைய உண்டு மகிழும் நாம் அவர்களை மறத்தல் அறமாகாது. இனிச் சங்க விருந்துகளில் ஒரு வரிசைக்கேனும் மேசை நாற்காலி இடுமாறு வேண்டுகின்றோம்.