நாலா, அஞ்சா?



தீபாவளி நெருங்க நெருங்கப் புதியம்புத்தூர் லோடு வண்டிக்காரர்களுக்கு உறக்கம் குறையும். தையல் மிஷின் சத்தம் கேட்காத தெரு அந்த ஊரில் அபூர்வம். நைட்டி, பாவாடை, பிள்ளைகளுக்கான கவுன் என்று தைத்துக் கட்டிய பண்டல்கள் வண்டி வண்டியாக வெளியூர் கிளம்பும். தை, மாசி பிறந்தால் அதே மாதிரி வண்டிகள் ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசக்காட்டுக்குள் இறங்கி மக்காச்சோள மூட்டை ஏற்றும். ஊடே தூத்துக்குடி உப்பளத்து லோடும் கிடைக்கும். துணி லோடு உயரம். மூட்டை லோடு பாரம். எது ஏறினாலும் இழுத்துக்கொண்டு போக வேண்டியது டீசல் பிக்கப்.

அந்த வண்டியின் என்ஜின் ஆயிலை டிரைவர் காலையில் குச்சியை உருவிப் பார்த்துவிடுவார். கியர் பாக்ஸில் பெரும்பாலும் அப்படிக் குச்சி இருக்காது. குச்சி இல்லாததால் அதன் நினைப்பும் இல்லை. கியர் கரகரத்த பிறகுதான் பட்டறைக்கு ஓடுகிறோம். அங்கே நடக்கிற பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“அண்ணாச்சி, மூணாவது கியர் போடையில கரகரங்குது.”

“போன தடவை என்ன ஆயில் ஊத்துன?”

“தொண்ணூறுதான் அண்ணாச்சி. நல்ல ஆயிலு, வெலையும் கூட.”

“தொண்ணூறு சரிதான் தம்பி. நாலா, அஞ்சா?”

தம்பிக்குப் பதில் தெரியாது. இந்தக் கேள்விக்குள்தான் கியர் பாக்ஸின் ஆயுள் இருக்கிறது.

முதலில் தொண்ணூறு. டப்பாவில் 80டபிள்யூ-90 என்று போட்டிருப்பது எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. டபிள்யூ ஒட்டிய முதல் எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி இருக்கும் என்பதற்கு; பனி உறையாத கோவில்பட்டியில் நமக்கு அதனால் பெரிய வேலை இல்லை. இரண்டாவது எண், எண்ணெய் சூடேறி ஓடும்போது இருக்கும் கெட்டிக்கு. என்ஜின் ஆயில் 40, கியர் ஆயில் 90; ஆகவே இது இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என்ஜின் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் வைத்து அளந்தால் 90 கியர் ஆயிலும் 40, 50 என்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான்.

இனி நாலும் அஞ்சும். டப்பாவில் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று இருக்கும். இது அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் வகுத்த தரப்பிரிவு. பல் மேல் பல் அழுந்தும்போது எண்ணெய்ப் படலம் கிழியாமல் காக்க, கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்துகளைக் கலப்பார்கள். நாலில் இருப்பதைப்போல் சுமார் இரண்டு மடங்கு அஞ்சில் உண்டு. அஞ்சு பெரிய எண், விலையும் பெரும்பாலும் கூடுதல். அதனால் நாலைவிட அஞ்சு உசத்தி என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. கோளாறு தொடங்குவது இங்கேதான்.

அஞ்சு யாருக்காகப் பிறந்தது? பின்னச்சில் ஹவுசிங் என்கிறோமே, அதற்குள் இருக்கும் கிரவுன் பினியனுக்காக. ஹைப்பாய்டு என்ற இந்தப் பல்லமைப்பு 1920-களில் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் வந்தது. இதில் பினியன், கிரவுனின் நடு மையத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்கும். பற்கள் உருளுவதோடு நில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டு வழுக்கும். அந்த உராய்வுக்குச் சாதாரண எண்ணெய் தாக்குப்பிடிக்காது. ஹவுசிங்குக்கு அஞ்சுதான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை.

கியர் பாக்ஸின் கதை வேறு. பழைய லாரி டிரைவர்களைக் கேட்டால் டபுள் கிளட்ச் போட்ட காலத்தைச் சொல்வார்கள். கிளட்சை ஒரு தரம் மிதித்து நியூட்ரல், விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர். சுற்றுகிற இரண்டு உறுப்புகளின் வேகம் ஒத்துப்போனால்தான் கியர் விழும் என்பதால் இத்தனை பாடு. 1928-இல் கேடிலாக் கார்களில் சிங்க்ரோ ஏற்பாடு வந்து, இந்த வேலையைக் காலிடமிருந்து ஒரு வளையத்துக்கு மாற்றியது. பல பிக்கப்களில் அந்த வளையம் பித்தளை. உட்புறம் கூம்பாகச் சரிந்திருக்கும், மெல்லிய வரிகள் ஓடும். கியர் போடும் நொடியில் அது கியரின் கூம்பை இறுகப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தும். பிறகு பல் சத்தமில்லாமல் சேரும்.

அந்த வளையம் பிடிக்க வேண்டும். அஞ்சு ஆயிலோ வழுக்கிவிடவே செய்யப்பட்டது. வளையம் பிடிப்பதற்குள் கை அவசரப்பட்டால் கரகரப்பு. அதோடு, சூட்டில் சுறுசுறுப்பாகும் கந்தகத்துக்குச் செம்பு கலந்த உலோகம் என்றால் ஆகாது. பித்தளையை மெல்ல மெல்லத் தின்னும். எண்ணெய்ச் சோதனைக்கூடத்திலேயே இதற்கு ஒரு பரீட்சை உண்டு. மெருகேற்றிய செம்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் 3 மணி நேரம் போட்டு வைத்து, எந்த அளவுக்குக் கறுக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆகவே பல வண்டிகளில் கியர் பாக்ஸுக்கு நாலு, ஹவுசிங்குக்கு அஞ்சு. பட்டறையிலோ ஒரே பேரலில் இருந்து இரண்டுக்கும் ஊற்றிவிடுவது சுலபமாக இருக்கிறது. எல்லா வண்டிக்கும் இதே விதி என்று நான் சொல்லவில்லை. பித்தளைக்குப் பாதகமில்லாத அஞ்சும் உண்டு. வளையத்தையே வேறு பொருளில் செய்யும் கம்பெனிகளும் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ, அதுதான் தீர்ப்பு.

ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். வண்டி கொஞ்ச தூரம் ஓடி எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நிற்கும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். முதலில் மேலே ஊற்றும் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். கீழே வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால், எண்ணெய் இல்லாத வண்டியோடு நிற்க நேரும். கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசை போல் ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். நகக்கணு அளவு சில்லு கிடந்தால் பல் உடைந்திருக்கிறது. வடிந்த எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்துகள் மாதிரி மினுங்கினால் அது பித்தளை. காந்தத்தில் அது ஒட்டாது. புது எண்ணெய், ஊற்றும் துளையின் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கும்வரை போதும். கூடுதலாகத் திணித்தால் நுரைத்து, சீல் வழியாகக் கசிந்து கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்.

அடுத்து, தண்ணீர். ஓடிச் சூடேறிய ஹவுசிங் திடீரென ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுவிட வைத்திருக்கும் பிரீதர் கரிசல் சேற்றில் அடைபட்டிருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டமே மிதந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு என்ஜின் ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. கியர் பாக்ஸ், ஹவுசிங் இரண்டையும் வடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

பலர் யோசிக்காத இன்னொன்று, கட்டி இழுப்பது. பின்சக்கரம் இழுக்கும் பிக்கப்பை என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வெகுதூரம் இழுத்துப் போனால், கியர் பாக்ஸில் மெயின் ஷாஃப்ட் சுற்றும். கீழே கிடந்து எண்ணெயை வாரி இறைக்கும் லே ஷாஃப்ட் அசையாது. மேலே இருக்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் எட்டாது. தூரமாக இழுக்க வேண்டியிருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுப்பதே புத்திசாலித்தனம்.

ஓட்டும் கையிலும் காலிலும் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது. கியர் தண்டின் மேல் சதா கையைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் உள்ளே செலக்டர் ஃபோர்க் தேயும். ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலும் சிங்க்ரோ இருப்பதில்லை. வண்டி முழுதாக நின்று, கிளட்சை மிதித்து, இரண்டு மூச்சு விட்டுப் போடுங்கள். நியூட்ரலில் நிற்கும்போது வருகிற இரைச்சல் கிளட்சை மிதித்ததும் அடங்கினால், சந்தேகப்பட வேண்டியது கியர் பாக்ஸின் முன்பக்கப் பேரிங்கை. மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கை. இந்த வித்தியாசத்தை மெக்கானிக்கிடம் சொல்ல முடிந்தால், வீணாகக் கியர் பாக்ஸைப் பிரிக்கும் கூலி மிச்சம்.

கியர் பாக்ஸ் கேட்பது ஓரிரு லிட்டர் எண்ணெய்தான். அதையும் கடையில் “நல்லதா ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்காதீர்கள். கையேட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். பில்லில் வெறுமனே ‘கியர் ஆயில்’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாமல், கியர் பாக்ஸுக்கு இன்னது, ஹவுசிங்குக்கு இன்னது, இத்தனையாவது கிலோமீட்டரில் என்று எழுதி வாங்குங்கள். டிரைவர் மாறினாலும் பட்டறை மாறினாலும், அடுத்து ஊற்றுகிறவருக்கு அந்தச் சீட்டு பதில் சொல்லும்.