ஏரிக்கு ஒரு பழைய படகு

நம் கிராமங்களில் உழவுமாடு வாங்கச் செல்பவர் தனியே செல்வதில்லை. அனுபவம் மிக்க முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வார். விற்பவர் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் மணியும் கட்டி நிறுத்தியிருப்பார். முதியவரோ மணியையும் பாரார், கொம்பையும் பாரார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். சிறிது தூரம் நடத்திப் பார்ப்பார். ஒருவர் ஆண்ட பொருளை மற்றொருவர் வாங்கும்போது கைக்கொள்ள வேண்டிய முறை இதுவே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மாடன்று, படகு. ஆயினும் அம்முதியவரை நாம் மறவாதிருத்தல் நன்று.

என் பள்ளித் தோழர் ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடும்பத்தோடு வாழ்கிறார். பதினாயிரம் ஏரிகளின் நாடு என்று தன்னைப் பெருமையோடு அழைத்துக்கொள்ளும் மாநிலம் அது. குளிர்காலத்தில் அந்த ஏரிகள் உறைந்து கல்லாகிவிடும். கோடை வந்ததும் வீட்டுக்கு வீடு படகைப் பற்றிய பேச்சுத்தான். நண்பருடைய மகனுக்கு வயது பதினைந்து, மகளுக்குப் பன்னிரண்டு. பிள்ளைகள் படகு கேட்கிறார்கள். புதிய படகுகளுள் பல ஓர் இலட்சம் டொலருக்கு மேல் விலை போகின்றன. எனவே பழையதொன்றை வாங்கத் துணிந்த நண்பர், இரண்டு படகுகளைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதினார். "ஒன்று 2016 ஆம் ஆண்டில் செய்தது, கண்ணாடி போல் மின்னுகிறது, விலையும் மலிவு. மற்றது 2011 ஆம் ஆண்டினது, வண்ணம் மங்கிவிட்டது, இருக்கைகள் கிழிந்திருக்கின்றன, விலையோ கூடுதல். இயந்திரங்களோடு பழகியவன் நீ. எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார்.

நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்: "படகில் நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள் என்பது எனக்கு வேண்டாம். பிள்ளைகள் படகின் பின்னே எவ்வளவு தொலைவில் நிற்கப் போகிறார்கள்? அதைச் சொல்."

இக்கேள்வியின் பொருள் விளங்கவேண்டுமாயின் அவ்விளையாட்டுகளைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். 1922 ஆம் ஆண்டில், அதே மினசோட்டாவின் எல்லையிலுள்ள பெப்பின் ஏரியில், றால்ஃப் சாமுவெல்சன் என்னும் பதினெட்டு வயது இளைஞர், இரு பலகைகளைக் காலில் பூட்டி, படகொன்று கயிற்றால் இழுக்க, நீரின்மேல் நிமிர்ந்து நின்று சறுக்கிச் சென்றார். நீர்ச்சறுக்கு விளையாட்டு அங்கேதான் பிறந்தது. பின்னர் இரு பலகைகளும் ஒன்றாகி, அகன்ற ஒற்றைப் பலகையில் இரு காலையும் பிணைத்துக்கொண்டு, படகு எழுப்பும் அலையிலிருந்து துள்ளிப் பாயும் வேக்போர்டிங் என்ற விளையாட்டு உண்டாயிற்று. இதில் படகு மணிக்கு ஏறத்தாழ இருபது மைல் வேகத்தில் ஓடும். ஆடுபவர் அறுபது எழுபது அடி நீளமான கயிற்றின் முனையில் இருப்பார்.

வேக்சர்பிங் என்பது இதனின்றும் வேறானது. படகு பத்துப் பன்னிரண்டு மைல் வேகத்தில் மெதுவாகச் செல்லும். ஆடுபவர் எழுந்து நிற்கும்வரையே கயிற்றைப் பிடிப்பார். பின்பு அதனைப் படகுக்குள் எறிந்துவிட்டு, படகின் பின்னால் ஓயாது எழும் அலையின் சரிவிலேயே நிற்பார். கடலலைமேல் பலகையோட்டுவது போன்ற இன்பம் அதில் உண்டு. ஆனால் அவருக்கும் படகுக்கும் இடையிலுள்ள தூரம் பத்தடியளவே. சில வேளைகளில் அதனினும் குறைவு.

நேயர்களே, அறுபதடி தூரம் பத்தடியாகக் குறைந்தவுடன் படகைத் தேரும் முறை முழுவதும் மாறிவிடுகிறது. பத்தடியில் நிற்கும் பிள்ளை தவறி விழுந்தால் எதன்மேல் விழும்? அப்பிள்ளை எந்தக் காற்றைச் சுவாசிக்கும்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே விலையைப் பற்றிப் பேசுதல் தகும்.

முதற் கேள்விக்கு விடை சுழல்விசிறி இருக்கும் இடத்தில் உள்ளது. நம் கடற்றொழிலாளர் பயன்படுத்தும் வெளியிணைப்பு இயந்திரத்தை நீங்கள் அறிவீர்கள். இயந்திரமும் விசிறியும் படகின் பின்புறத்துக்கு வெளியே தொங்கும். இன்னொரு வகையில் இயந்திரம் படகின் உள்ளே அமர்ந்திருக்கும். ஆனால் அதன் கால் பின்சுவருக்கு வெளியே நீண்டு நிற்க, விசிறி அக்காலின் அடியில் சுழலும். மூன்றாவது வகை முழு உள்ளிணைப்பு. இதில் விசிறி படகின் வயிற்றுக்கு அடியில், பின்விளிம்புக்கு முன்னாலேயே மறைந்திருக்கும். முதலிரு வகைகளில் அலைச்சரிவில் நிற்பவருக்கும் சுழலும் விசிறிக்கும் இடையே நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆதலால் வேக்சர்பிங் ஆடுவதற்கு அவை ஒருபோதும் ஆகா. 2015 ஆம் ஆண்டில் வொல்வோ பென்டா நிறுவனம் விசிறிகளை முன்னோக்கித் திருப்பிப் படகின் அடியில் அமைத்த புதியதொரு காலை வெளியிட்டது. அவ்வாறு அமைந்த படகுகளே இவ்விதிக்கு விலக்கு. நீண்ட கயிற்றில் வேக்போர்டிங் மட்டும் ஆடுவோர் மற்ற வகைகளையும் கொள்ளலாம்.

நண்பருடைய மின்னும் படகு எவ்வகையினது என்று கேட்டேன். பின்சுவருக்கு வெளியே கால் நீட்டிய வகை என்று விடை வந்தது. மகளோ வேக்சர்பிங் ஆடவே விரும்பினாள். மலிவான அப்படகின் கதை அத்தோடு முடிந்தது.

இரண்டாவது கேள்வி காற்றைப் பற்றியது. பெற்றோல் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு தோன்றுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியிலே ஒட்சிசன் அமரவேண்டிய இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. மெல்லச் செல்லும் படகின் பின்னே அவ்வாயு எளிதில் தேங்கும். தலைவலியும் குமட்டலும் கண்ட பிள்ளை, வெயிலால் வந்த களைப்பென்று எண்ணப்பட்டு, நினைவிழந்து நீரில் மூழ்கிவிடலாம். 2000 ஆம் ஆண்டில் பவல் ஏரியில், வீட்டுப்படகொன்றின் பின்னே நீந்திய சிறுவர் இருவர், உடன்பிறந்தோர், அப்படகின் மின்பிறப்பாக்கி கக்கிய இவ்வாயுவினாலேயே மாண்டனர். ஓடும் படகின் பின்பலகையைப் பற்றியபடி நீரில் இழுபடும் விளையாட்டைக் கலிபோர்னியா 2004 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் தடுத்தது.

ஆதலால் பழைய படகின் வயது இங்கே வேறொரு பொருளைப் பெறுகிறது. 2010 ஆம் ஆண்டு மாதிரி முதற்கொண்டு, உள்ளிணைப்புப் பெற்றோல் இயந்திரங்களின் புகைக்கு அமெரிக்க அரசு கடுமையான வரம்பு விதித்தது. அதன் பயனாகப் பெரும்பாலான இயந்திரங்களில் புகையைத் தூய்மையாக்கும் ஊக்கி பொருத்தப்பட்டது. ஊக்கியுள்ள இயந்திரம் கக்கும் காபனோரொட்சைட்டு மிகக் குறைவு. மேலும், புகைக்குழாய் நீர்மட்டத்தில் முடிகிறதா, அல்லது கீழே வளைந்து விசிறி தள்ளும் நீரோட்டத்துக்குள் புகையைச் செலுத்துகிறதா என்பதையும் குனிந்து பார்த்தல் வேண்டும். ஊக்கி இருந்தாலும் இயந்திரம் ஓடும்போது எவரும் பின்பலகையில் அமரலாகாது.

இனி, அலை. அலை பெரிதாக எழவேண்டுமாயின் படகு நீரில் ஆழ்ந்து செல்லவேண்டும். அதற்காகப் படகினுள்ளே தொட்டிகளிலும் பைகளிலும் ஏரிநீரையே அடிப்பாரமாக ஏற்றுவர். அமெரிக்கக் கலன் நூற்றிருபது நீர் ஆயிரம் இறாத்தல் எடை கொள்ளும். சில படகுகள் அவ்வாறு பல ஆயிரம் இறாத்தல் ஏற்றும். இந்நிலையில் விருந்தினர் பலர் படகின் அணியத்தில், அதாவது முன்பகுதியில், கூடி அமர்ந்து, படகும் தன் அலைக்குள்ளேயே திரும்பினால் நீர் முன்புறமாக உள்ளே பாயும். ஆகவே, படகு தாங்கும் மொத்த எடையைச் செய்தவர் எவ்வளவென்று பொறித்திருக்கிறார் என்பதைப் படித்து, அடிப்பாரத்தையும் ஆட்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தல் அவசியம். முன்னைய உரிமையாளர் தாமாக வாங்கி அடுக்கிய கூடுதற் பைகளையும் அக்கணக்கிலே சேர்க்கவேண்டும்.

இவையெல்லாம் பொருந்திய பின்னரே நம் முதியவர் பல்லைப் பார்ப்பது போன்ற சோதனைகள் வருகின்றன. படகின் அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களே அதன் முதுகெலும்பு. 1990 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட படகுகள் பலவற்றில் அவை கண்ணாடியிழை போர்த்திய மரச்சட்டங்கள். உள்ளே நீர் கசிந்தால் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல சட்டம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். இயந்திரத்தைத் தாங்கும் திருகாணிகள் இறுகாமல் வெறுமனே சுழன்றால் அதுவும் அந்நோயின் அறிகுறியே.

இயந்திரம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதை ஒரு மானி காட்டும். குறைந்த எண்ணைக் கண்டு மயங்கிவிடலாகாது. பல ஆண்டுகள் ஓடாது கிடந்த இயந்திரத்தைவிட, ஆண்டுதோறும் ஓடிப் பேணப்பட்ட இயந்திரம் மேலானது. பேணியதற்குச் சான்றாகப் பற்றுச்சீட்டுகளைக் கேட்கவேண்டும். குளிர்நாட்டிலே இது மிகவும் முக்கியம். உறையும்போது நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது. குளிர்காலத்துக்கு முன் இயந்திரத்திலுள்ள நீர் முற்றாக வடிக்கப்படாவிடின், அவ்விரிவு வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். பிளவு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். எனவே ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் அளந்து, அவை தம்முள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பின்பு படகை ஏரியில் இறக்கி, அடிப்பாரமும் ஏற்றி, அரைமணி நேரமாவது ஓட்டவேண்டும். வீட்டு முற்றத்தில் குழாய்நீரைக் கொடுத்து இயந்திரத்தை உறுமச் செய்து காட்டுவது சோதனை ஆகாது.

பத்திரத்தையும் மறந்துவிடலாகாது. 1972 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் செய்யப்படும் ஒவ்வொரு படகின் உடலிலும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் பொறிக்கப்படுகிறது. இக்காலப் படகுகளில் அதன் இறுதி இரண்டு இலக்கங்கள் மாதிரியாண்டைக் குறிக்கும். அவ்வடையாளமும் உரிமைப் பத்திரமும் ஒத்திருத்தல் வேண்டும். படகின்மேல் தீராத கடன் உண்டா என்பதையும் விசாரித்தறிதல் வேண்டும்.

இன்னுமொன்று. அலை நமக்கு விளையாட்டு. கரைக்கு அது அடி. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, சாதாரணப் படகின் அலை இருநூறு அடியில் தணியும் அளவுக்கு இப்படகுகளின் அலை தணிய ஐந்நூறு அடிக்கு மேல் வேண்டும் என்று கண்டது. வெர்மொன்ற் மாநிலம் 2024 ஆம் ஆண்டு முதல் இவ்விளையாட்டைக் கரையிலிருந்து ஐந்நூறு அடிக்கு அப்பால், இருபதடி ஆழமுள்ள நீரிலேயே அனுமதிக்கிறது. தொட்டிகளில் எஞ்சும் நீர், ஓர் ஏரியின் சிப்பிக்குஞ்சுகளை இன்னோர் ஏரிக்குக் கடத்திக் கேடு செய்யும். சிறிய ஏரிக்கரையில் வாழ்பவர் படகை வாங்குமுன் தம் ஏரியின் ஆழத்தையும் விதியையும் அறிந்துகொள்வாராக.

நண்பரின் கதையை முடித்துவிடுகிறேன். வண்ணம் மங்கிய அந்த இரண்டாவது படகு உள்ளிணைப்பு வகை; புகைக்கு ஊக்கியும் உடையது. நானும் மகிழ்ந்தேன். முறைப்படி அதனை ஏரியில் இறக்கி ஓட்டினார்கள். முதற் கால்மணி நேரம் யாதொரு குறையுமில்லை, பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். அரைமணி கழிந்து எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தபோது, எண்ணெய் பால்தேநீரின் நிறம் கொண்டிருந்தது. எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. ஏதோ ஒரு குளிர்காலத்தின் கவனக்குறைவு இயந்திரத்துள் ஒளிந்திருந்தது.

அக்கோடை முழுவதும் அவர்களுக்குப் படகில்லாமலே கழிந்தது. மகள் பல நாள் தந்தையோடு முகங்கொடுத்துப் பேசவில்லையாம். அடுத்த வசந்தத்தில், அதே சோதனைகளைத் தாங்கிய வேறொரு படகை வாங்கினார்கள். "முதன்முறை அவள் கயிற்றை எறிந்துவிட்டு அலையில் நின்றபோது, அவள் முகத்தை என்னால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அவ்வளவு அருகில் நின்றாள்" என்று நண்பர் எழுதியிருந்தார்.

அந்தப் பத்தடித் தூரத்துக்காகவே ஒரு கோடையை இழக்கலாம், நேயர்களே. மணியைப் பார்த்து மாடு வாங்கியவர் இழப்பது பணம் மட்டுமே. படகு வாங்குவோர் அதன் பின்னே நிற்கப்போகும் பிள்ளையை முதலில் மனக்கண்ணால் பார்த்துக்கொள்வாராக.