கண்ணுக்குத் தெரியாத காயம்



போரில் காலிழந்தவருக்கு அரசாங்கம் உதவித்தொகை வழங்குவதை நாம் அறிவோம். உடலில் வடுவேதுமின்றி, ஆண்டுக்கணக்கில் உறக்கமிழந்து, பட்டாசு வெடித்தாலே நடுங்கும் வீரன் எதைக் காட்டி உதவி கேட்பான்?

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கர் பலருக்கு இந்நிலை நேர்ந்தது. 1980ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் இதனை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை மனத்திடம் இல்லாதவர் என ஒதுக்கப்பட்டோர் எத்தனை பேரோ!

அங்கே முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு விண்ணப்பிப்பவர், நோய் உண்டு என்னும் மருத்துவச் சான்றுடன், பணிக்காலத்தில் நேர்ந்த கொடிய நிகழ்ச்சியையும், அதனாலேயே நோய் வந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். நிகழ்ச்சியை மெய்ப்பிப்பதே கடினம். குண்டு விழும் வேளையில் குறிப்பெழுதுவார் யார்? எழுதியவையும் எப்போதும் நிலைப்பதில்லை. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர்க் காலத்து வீரர்களின் கோப்புகள் இலட்சக்கணக்கில் 1973இல் செயிண்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீயில் அழிந்தன.

இத்தகையோருக்குக் கைகொடுப்பது உடனிருந்த தோழரின் எழுத்து வாக்குமூலம். கணவர் நள்ளிரவில் அலறி எழுவதை மனைவியும் எழுதித் தரலாம். பகைவரின் தாக்குதலுக்கு அஞ்சி வாழ்ந்ததே காரணமென நலத்துறை மருத்துவர் உறுதிசெய்து, பணியாற்றிய இடமும் சூழலும் பொருந்துமாயின், வீரரின் சொல்லையே ஏற்கலாமென 2010இல் விதி தளர்த்தப்பட்டது.

மறுப்புக் கடிதம் வந்ததும் அதைப் பெட்டியில் பூட்டிவைப்போர் உண்டு. மறுத்த காரணம் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். மேல்முறையீட்டுக்கு ஓராண்டு தவணையும் உண்டு.